காரைக்குடியிலிருந்து குருசடைத் தீவுக்கு: ஆளில்லாத தீவுக்கு ஒருநாள் விருந்தாளியாகப் போய்வர முழு வழிகாட்டி

எங்கள் வீட்டு முகப்பில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. பர்மாவிலிருந்து வந்த அரக்குச் சம்படம், இரண்டு பீங்கான் பொம்மைகள், நடுவே கையகல வெள்ளைக் கல் ஒன்று. மான்கொம்பு மாதிரி கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். ஐயா எப்போதோ ராமேஸ்வரம் போனபோது வாங்கி வந்தது. நான் அதைக் கல் என்று நினைத்தே வளர்ந்தேன். பல வருடம் கழித்து, பாம்பன் கடலில் தண்ணீருக்கடியில் பழுப்பும் பச்சையுமாக நின்ற அதே கொம்பைக் காட்டி ஒரு படகுக்காரர் சொன்னார்: "இது கல்லு இல்லக்கா, உசுரு. செத்தாத்தான் வெள்ளையாப் போகும்." எங்கள் அலமாரியில் இருப்பது ஒரு பவளத்தின் எலும்புக்கூடு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு மூன்று முறை குருசடைத் தீவுக்குப் போயிருக்கிறேன். சொந்தக்காரர்கள் "எப்படிப் போவது?" என்று கேட்கும்போதெல்லாம் போனில் சொல்லிச் சொல்லி, இப்போது எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நம் ஊர்ப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எந்தத் தீவு, ஏன் அது மட்டும்

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள், 21 சிறு தீவுகள் மாலை கோத்ததுபோல் கிடக்கின்றன. மண்டபம் பக்கம் 7, கீழக்கரைப் பக்கம் 7, வேம்பார் பக்கம் 3, தூத்துக்குடிப் பக்கம் 4. முயல் தீவு, பூமரிச்சான், புள்ளிவாசல், நல்லதண்ணி, உப்புத்தண்ணி என்று பெயர்களே கதை சொல்லும். எதிலும் குடியிருப்பு இல்லை. 1986இல் இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்துத் தமிழ்நாடு அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989இல் மன்னார் வளைகுடா முழுவதும் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது.

21 என்று சொன்னாலும் இன்று இரண்டு தீவுகள் கண்ணுக்குத் தெரியாது. பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள் போய்விட்டன. தீவைச் சுற்றியிருக்கும் பவளப்பாறைதான் அலையின் வேகத்தை உடைக்கும் மதில். மீனவர்கள் அதைப் 'பார்' என்பார்கள். சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல பத்தாண்டுகள் அந்தப் பாரை வெட்டி எடுத்தார்கள். மதில் போனதும் மணல் கரைந்தது. கண்ணாடிபோல் மின்னும் நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களும் கடல் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசியவைதானே. கடலிடம் நாம் ஏற்கெனவே நிறைய வாங்கியிருக்கிறோம். போகும் முன் இது மனத்தில் இருக்கட்டும்.

இவ்வளவு தீவுகளில் நாம் கேட்க வேண்டியது குருசடை ஒன்றைத்தான். பாம்பனுக்கு மிக அருகில் இருக்கிறது, வனத்துறையே படகில் அழைத்துப் போய்க் காட்டுகிறது. விலங்கியல் படித்தவர்களுக்கு இது பழகிய பெயர். பழைய சென்னை மாகாண மீன்வளத்துறை இங்கே ஓர் ஆய்வு நிலையம் வைத்திருந்தது. இந்தத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி மட்டும் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் ஒரு தனி நூலே வெளியிட்டது. முதுகெலும்புள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் நடுவே நிற்பதாகப் பாடத்தில் வரும் பாலனோகிளாசஸ் என்ற புழு இங்கே மணலுக்குள் வாழ்கிறது.

கடலுக்கு முன்னால் ஒரு கண்மாய்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகாதீர்கள். குறிப்பாகப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள்.

திருப்பத்தூரிலிருந்து மதுரை போகும் வழியில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்கள், மொத்தம் 38.4 ஹெக்டேர். 1977இல் சரணாலயம் ஆனது. மழை பெய்து கண்மாய் நிரம்பினால் தண்ணீருக்கு நடுவே நிற்கும் கருவேல மரங்கள் ஒவ்வொன்றும் ஒரு தீவுதான். நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, வக்கா எல்லாம் அங்கே கூடு கட்டும். பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காக அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. சட்டம் எதுவும் சொல்லி வந்த வழக்கமில்லை, அவர்களாகவே வைத்துக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அங்கே போங்கள். கரையில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்காருங்கள். என் மகன் முதல் நாள் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. மூன்றாவது முறை ஒரு நத்தைகுத்தி நத்தையை ஓட்டிலிருந்து உருவி எடுப்பதை முழுவதும் பார்த்தான். அப்படி உட்காரப் பழகிய பிறகு தீவுக்குப் போனால்தான் அங்கே ஏதாவது கண்ணில் படும். பழகாமல் போனால் மணலும் வெயிலும்தான் தெரியும்.

நாள் குறிப்பது: காற்றைக் கேளுங்கள்

பாம்பன்காரர்களுக்கு வடகடல், தென்கடல் என்று கடல் இரண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் கண்மாய் மாதிரி அடங்கிக் கிடக்கும். சோழகம் என்கிற தென்காற்று கிளம்பினால் அப்படியே தலைகீழ். குருசடை தென்கடலில் இருக்கிறது. ஆகவே தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை நமக்கு நல்ல காலம். ஆனி, ஆடியில் போய் "படகு விடமாட்டேன் என்கிறார்கள்" என்று வருத்தப்பட வேண்டாம், காற்று அப்படி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி புயல் காலம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை ரயிலோடு கொண்டுபோன புயலைப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள்.

தை முதல் பங்குனி வரை இன்னொரு வசதியும் உண்டு. வடக்கிலிருந்து குளிருக்கு ஒதுங்கி வந்த கரைப்பறவைகளான உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அப்போது இங்கேதான் இருக்கும். பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறுவதும் ஏறக்குறைய இந்தக் காலம்தான்.

அமாவாசையை மட்டும் தவிருங்கள். தை அமாவாசை என்றால் தீர்த்தமாட வரும் கூட்டத்தில் பாம்பன் பாலத்திலேயே பாதி நாள் போய்விடும்.

அனுமதி

தேசியப் பூங்கா என்பதால் அனுமதி இல்லாமல் காலை வைப்பதே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளம்புவதற்கு முதல் வாரமே மண்டபம் வனச்சரக அலுவலகத்தையோ ராமநாதபுரம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தையோ கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: அந்த நாளில் படகு உண்டா, எத்தனை மணிக்குக் குந்துகால் படகுத்துறைக்கு வர வேண்டும், கட்டணம் எவ்வளவு. ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். கிளம்பும் முந்தின சாயங்காலம் இன்னொரு தடவை கூப்பிடுங்கள், கடல் ஒரே ராத்திரியில் மாறிவிடும்.

கரையில் யாராவது வந்து, "அலுவலகமெல்லாம் வேண்டாம், மனோலி, முயல் தீவு எல்லாம் சுற்றிக் காட்டுகிறேன்" என்று கூப்பிட்டால் ஏறாதீர்கள். நான் முதல் முறை ஏறப் பார்த்தேன். பிடிபட்டால் வழக்கு என்பது ஒரு பக்கம். நாம் இறங்கும் ஒவ்வொரு தீவும் பறவைக்கு ஓர் இடம் குறைகிறது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. ஆள் போகாத தீவுகள் மிச்சம் இருப்பதால்தான் குருசடையில் பார்க்க ஏதாவது இருக்கிறது.

மூட்டை கட்டுவது

நம்மவர்கள் பயணம் என்றால் தூக்கு நிறையப் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, டப்பாவில் சீப்புச்சீடை, மனகோலம் என்று கட்டிவிடுவோம். தாராளமாகக் கட்டுங்கள், ஆனால் வண்டியிலேயே வைத்துவிடுங்கள். தீவில் ஒரு பருக்கை சிந்தினாலும் காகம் கூடும், எலி பெருகும். இரண்டும் பறவை முட்டையைத் தின்னும். குந்துகாலில் ஏறும் முன் சாப்பிட்டு, திரும்பி வந்து மறுபடி சாப்பிடுவதுதான் எங்கள் வழக்கம்.

படகில் ஏற்ற வேண்டியவை கொஞ்சம்தான்:

- ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிதண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில்.
- முழுக்கை பருத்திச் சட்டை, தொப்பி, தலையில் போட ஒரு துண்டு. வெயில் கிரீமில் உள்ள சில ரசாயனங்கள் பவள உயிரிக்கு நஞ்சு, துணியால் மூடிக்கொள்வதே நல்லது.
- பின்வார் உள்ள பழைய செருப்பு அல்லது கான்வாஸ் ஷூ. வெறுங்கால் கூடாது, சிப்பி கிழிக்கும்.
- எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர். இரண்டு பேருக்கு ஒன்று போதும்.
- நோட்டுப் புத்தகம், பென்சில். பேனா மை ஈரத்தில் ஊறும்.
- குப்பைக்கு ஒரு துணிப்பை.

சிவப்பு, ஆரஞ்சு உடுப்பு வேண்டாம். மண் நிறத்தில் கட்டுங்கள்.

வழி

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம், தேவிபட்டினம், ராமநாதபுரம், மண்டபம் என்று போனால் பாம்பன் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அதிகாலை மூன்றரைக்கு எடுத்தால் ஏழு மணிக்குள் போய்விடலாம். கார் இல்லாதவர்களுக்கு, சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகும் இரவு ரயில்கள் காரைக்குடி வழியாகத்தான் போகின்றன. கப்பல் ஏறக் கொழும்புக்குப் போன நம் பெரியவர்களும் ஒரு காலத்தில் இந்தத் தடத்தில்தான் தனுஷ்கோடி வரை போனார்கள்.

சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், நெரிசல். மெதுவாகப் போகும்போது தெற்கே பார்த்தால் தண்ணீரோடு ஒட்டிய பச்சைக் கோடு ஒன்று தெரியும். நாம் போகப்போவது அங்கேதான். பாலம் இறங்கியதும் வலப்பக்கம் குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் கொழும்பு வழியாகத் திரும்பி வந்து கால் வைத்த கரை இது. ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு அழைத்தார். நினைவு மண்டபம் இருக்கிறது, நிழல் இருக்கிறது. முழங்கால் வலியுள்ள அப்பத்தாக்களை அங்கே உட்கார வைத்துவிட்டுப் போவதே மரியாதை. படகில் ஏறி இறங்குவது அவர்களுக்குக் கஷ்டம்.

படகில்

லைஃப் ஜாக்கெட்டைப் பிள்ளைகளுக்கு நீங்களே இறுக்கிக் கட்டுங்கள். படகின் ஓரத்தில் எல்லோரும் ஒரே பக்கம் சாயாதீர்கள்.

தண்ணீர் தெளிந்திருந்தால் அடியில் பச்சைப் புல்வெளி தெரியும். அது பாசி இல்லை. வேரும் பூவும் உள்ள கடற்புல். ஆவுளியா என்கிற கடற்பசு இதை மேய்ந்துதான் வாழ்கிறது, ஒரு நாளைக்கு நாற்பது கிலோ வரை தின்னும். பார்ப்பது அபூர்வம், நான் இதுவரை பார்த்ததில்லை. நமக்குப் பக்கத்து புதுக்கோட்டை, தஞ்சாவூர் கரையோரப் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வாசலில் இருக்கும் விலங்கு அது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

தீவில்: முகப்பு வரை

நம் வீட்டுக்கு வரும் புதியவர் முகப்பில் உட்காருவார். கூப்பிட்டால் வளவுக்கு, அதாவது நடுமுற்றத்துக்கு, வருவார். ரெண்டாங்கட்டுக்குள் தானாக நுழைய மாட்டார். தீவையும் அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள். ஈர மணல் முகப்பு. காவலர் காட்டும் நடைபாதை வளவு. அலை எட்டாத உலர்ந்த மணலும் புதரும் ரெண்டாங்கட்டு. நமக்கு அங்கே வேலை இல்லை.

காரணம் இதுதான். ஆலா, உப்புக்கொத்தி ஆகிய பறவை இனங்களில் சில கூடு என்று ஒன்றும் கட்டாது. வெறும் மணலில் கையளவு குழி, அதில் மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட முட்டைகள். மிதித்த பிறகுதான் தெரியும். மிதிக்காவிட்டாலும் ஆபத்து உண்டு. நம்மைக் கண்டு தாய் எழுந்து பறந்தால் முட்டை நேர் வெயிலில் கிடக்கும். நண்பகல் மணலில் சிறிது நேரம் போதும், உள்ளே இருப்பது வெந்துவிடும். ஒரு பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினாலோ, சிறகொடிந்ததுபோல் தரையில் தத்தித் தத்தி ஓடினாலோ, அது வேடிக்கை காட்டவில்லை. நம்மை முட்டையிடமிருந்து விலக்கப் பார்க்கிறது. வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். படம் எடுக்க ஒரு நிமிடம் நின்றாலும் அந்த நிமிடம் முட்டையுடையது.

ஈர மணலில் கும்பலாக ஓடும் சின்ன உள்ளான்களை ஓட ஓட விரட்டாதீர்கள். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்தவை, திரும்பிப் போகக் கொழுப்புச் சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை பறக்க வைப்பதும் அவற்றின் சாப்பாட்டைப் பிடுங்குவது. உட்கார்ந்தால் தாமாகவே பக்கத்தில் வரும். வேட்டங்குடியில் பழகியது இங்கே கைகொடுக்கும்.

கரையில் நிலத்தோடு படர்ந்து ஊதா நிறத்தில் பூத்திருப்பது அடும்பு, முட்பந்து மாதிரி இருப்பது ராவணன் மீசை. இரண்டும்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன, மேலே நடக்காதீர்கள். உள்ளோடையில் சுரபுன்னைக் காடு. அதன் முட்டுவேர்களுக்கு நடுவில் மீன்குஞ்சுகள் பெரிய மீன்களிடமிருந்து ஒளிந்திருக்கும். பாம்பன் வலையில் நாளை விழப்போகும் மீனில் கொஞ்சம் இங்கே வளர்கிறது.

இனி பாறை. கடல் வற்றிய நேரத்தில் பவளப்பாறை முழங்கால் ஆழத்தில் தெரியும். அதன்மேல் ஏறி நிற்கவே கூடாது. வெளியே தெரிகிற கல்லுக்கு மேல் மெல்லிய தோல்போல உயிர் படர்ந்திருக்கிறது. அதற்குள் நுண்பாசி வாழ்கிறது, நிறமும் சாப்பாட்டில் பெரும்பங்கும் அந்தப் பாசி தருவதுதான். கோடையில் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் பாசியைத் துப்பிவிட்டு வெளுக்கும். 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் அப்படி வெளுத்தது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் எங்கள் வீட்டு அலமாரி நிறம்தான். சில வகை ஒரு விரல் உயரம் வளரவே பல வருடம் ஆகும். ஒரு மிதி போதும், அத்தனையும் போய்விடும்.

கிளிஞ்சலும் பொறுக்க வேண்டாம். பிள்ளைகளிடம் "கூடாது" என்று மட்டும் சொன்னால் கேட்க மாட்டார்கள், எனவே காட்டுங்கள்: காலியான சங்கு ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது எழுந்து நடக்கும். துறவி நண்டு. அதற்குச் சொந்த ஓடு கிடையாது, வளர வளரப் பெரிய காலிச் சங்காகத் தேடி வீடு மாற வேண்டும். நாம் ஒரு பை அள்ளினால் அத்தனை நண்டுக்கு வீடு இல்லை. என் மகள் அன்று கையிலிருந்த மூன்று சங்கையும் எடுத்த இடத்திலேயே வரிசையாக வைத்துவிட்டு வந்தாள். பவளத் துண்டு, கடல் அட்டை, கடற்குதிரை எதுவானாலும் எடுத்தால் சட்டமும் சும்மா விடாது. வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியல்களில் இவையும் இருக்கின்றன.

ஏதாவது ஆனால்

தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிவிடும். திருக்கை முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டு நீரில் காலை வைத்திருப்பது வலியைக் குறைக்கும். அதற்குள் கரைக்கும் மருத்துவரிடமும் கிளம்ப வேண்டும். சொறி என்கிற ஜெல்லிமீன் பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். தலை சுற்றினால் உடனே காவலரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட்டு மறைப்பது நம் வீட்டுப் பெண்களிடம் உள்ள வழக்கம்.

திரும்பும்போது

படகு ஏறும் முன் செருப்பையும் பையையும் தட்டுங்கள், விதையோ நண்டோ ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. காலையில் கொண்டுபோனது எல்லாம் திரும்ப வந்ததா என்று எண்ணிப் பாருங்கள். பாட்டில் மூடி வரைக்கும்.

ராமநாதபுரத்தில் டீ குடித்துவிட்டு, வெயில் தாழ ஆர்.எஸ்.மங்கலம் வரும்போது பெரிய கண்மாய்க் கரையில் வண்டியை ஓரங்கட்டுங்கள். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று சொல்வார்களே, அதுதான். ஒரே மூச்சில் நாரையால் பறந்து கடக்க முடியாத அளவுக்குப் பெரிது என்று அர்த்தம். தையில் தண்ணீர் கிடந்தால் அடையப் போகும் கொக்குகள் சாரை சாரையாக வரும். நோட்டை அங்கேயே எடுத்து, நேரம், இடம், பார்த்த பறவை, எத்தனை என்று எழுதி முடித்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் தூக்கம் வந்துவிடும். ஈபேர்டு செயலியில் ஏற்றினால் பறவை ஆய்வாளர்களுக்கும் உதவும்.

போன தையில் அந்தக் கரையில் வைத்து மகள் எழுதிய பக்கத்தில், "துறவி நண்டு 11" என்று இருந்தது. "அது பறவை இல்லையே" என்றான் அவள் தம்பி. "நான்தானே எண்ணினேன்" என்று சொல்லிவிட்டுத் தூக்கில் மிச்சமிருந்த சீப்புச்சீடையை எடுத்துக்கொண்டாள்.